கார் வராத 31 நாட்கள்



அந்தமானில் அரசு மருத்துவமனை வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போர்ட் பிளேர் வந்தோம். சென்னையிலிருந்து நாங்கள் விமானத்தில். எங்கள் பழைய வேகன்-ஆர் மட்டும் கப்பலில்.

நடுவில் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். பயணிகள் கப்பலுக்கே கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. வாங்கி, டேங்க்கில் பெட்ரோலைக் குறைத்து, காரை ஒப்படைத்தாச்சு. "பத்து நாள்ல வந்துடும் சார்" என்றார் ஏஜென்ட்.

பத்து இருபதாச்சு. இந்தக் கப்பல்ல இடம் இல்லை, கடல் சரியில்லை, அடுத்த கப்பல்... போன் பண்ணினால் தினமும் ஒரு காரணம்.

சரி, இதுல என்ன பெரிய விஷயம்? பஸ் இருக்கு, ஆட்டோ இருக்கு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

23-ஆம் நாள். ராத்திரி ஒன்றரை மணி. கொட்டுகிற மழை. மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் 102. திடீரென்று கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது.

காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கையில் சாவி, இரும்பு கொடுத்துப் பயனில்லை. மணி பார்க்கணும். ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரம். எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பேன்!

இரண்டு நிமிடத்தில் நின்றது. ஆனாலும் முதல் வலிப்பு, ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகணும். வீடு மேட்டில். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. மனைவி குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

கீழ்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் கதவைத் தட்டினேன். லுங்கியோடு வந்தார். "காசெல்லாம் அப்புறம் டாக்டர், பாப்பாவைப் பிடிங்க."

ட்யூட்டி டாக்டர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒன்றரைக்கு வந்ததா? இப்ப ரெண்டேகால். ஏன் இவ்வளவு லேட்?"

தப்பான கேள்வி இல்லை. நானே வருஷக்கணக்காகக் கேட்ட கேள்விதான். அன்றைக்குத்தான் அது எங்கே குத்தும் என்று தெரிந்தது.

தாய்மார் மரணங்களைப் பற்றி 1994-இல் தாடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நாம் "ஏன் லேட்?" என்று கேட்கும்போது முதலாவதை மட்டுமே நினைக்கிறோம். அலட்சியம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பலர் மாட்டிக்கொண்டிருப்பது இரண்டாவதில்.

இங்கே கேம்ப்பெல் பே மாதிரி ஊர்களிலிருந்து நோயாளிகள் கப்பலிலோ வான்வழியிலோதான் வரணும். எனக்கு 31 நாள். அவர்களுக்கு ஆயுசு முழுக்க.

மகள் நலம். 31-ஆம் நாள் காரும் வந்தது, பேட்டரி இறங்கி, உப்புத்தூசியோடு. தள்ளி ஸ்டார்ட் பண்ணியது அதே அண்ணன்தான்.

இப்போது ஓ.பி.யில் "ஏன் லேட்?" கேட்பதில்லை. "எப்படி வந்தீங்க?" என்கிறேன். பதிலில் பாதி ஹிஸ்டரி கிடைத்துவிடுகிறது.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். வண்டி இல்லையா? ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள் என்று இன்றைக்கே நம்பர் வாங்கி வையுங்கள். வண்டி இருக்கா? "எந்நேரமும் தட்டுங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.