ஒரே குன்றில் பழமையும் புதுமையும்

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன், பல வண்டிகள் ஒன்றையொன்று முந்தியோடுங் காட்சியே பலர் மனக்கண்முன் தோன்றும். மலையேற்றப் பந்தயமோ அத்தன்மைத்தன்று. ஒரு வேளையில் ஒரு வண்டியே ஏறும். அது வெல்லவேண்டுவன குன்றும் கடிகாரமுமே.

சென்ற விடுமுறையில், இங்கிலாந்தில் வாழும் எம் தமையனாருடன், வூஸ்டர்ஷயரிலுள்ள ஷெல்ஸ்லி வால்ஷ் என்னுஞ் சிற்றூரில் இப்பந்தயத்தைக் காணும் பேறு பெற்றேம். 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முதற்கண் நடைபெற்ற அதே குன்றுப்பாதையில் இன்றும் வண்டிகள் ஏறுகின்றன. பாதையின் நீளம் 1000 கஜம். அதற்குள் ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 328 அடி. முதலாண்டில் யாவற்றினும் விரைந்தேறிய டெய்ம்லர் வண்டிக்கு 77.6 விநாடி வேண்டியிருந்தது. 1930-இல் ஜெர்மானியரான ஹான்ஸ் ஸ்டக் 42.8 விநாடியில் ஏறிக் கண்டோரை வியப்பில் ஆழ்த்தினார். இக்காலத்து மிகு விரைவு வண்டிகளோ 23 விநாடிக்குள் உச்சியை எய்துகின்றன.

புதிய வண்டியொன்று தொடக்கக்கோட்டில் நின்றது. பின்னே உருண்டுவிடாதவாறு அதன் பின்சக்கரத்தில் கட்டை கொடுத்தனர். பச்சை விளக்கு எரிந்தது. பெருமுழக்கம் ஒன்று கேட்டது. யாம் தலை திருப்புமுன் அது வளைவில் மறைந்தது!

பின்னர் வந்தது 1920-களிற் செய்யப்பட்ட சிறு வண்டி. சங்கிலியாற் சக்கரஞ் சுழலும் அமைப்பினது. ஆமணக்கெண்ணெய் எரியும் மணம் எம்மூர்ச் செக்கடியை நினைவூட்டிற்று. முதுமையெய்திய ஒருவர் அதனைச் செலுத்தினார். இரட்டை வளைவை அணுகுங்கால் எந்திரம் இருமுறை திக்கித் தடுமாறவே, கூட்டம் முழுதும் வாய்பேசாது நின்றது. வண்டி மீண்டும் உயிர்பெற்று உச்சியை அடைந்தபொழுது எழுந்த கைதட்டல், புதிய வண்டிக்கும் வாய்த்திலது.

வண்டிகள் கீழிறங்கிய பின்னர் அப்பெரியாரை அணுகி, "ஐயா, இத்துணை அரிய பொருளைக் காட்சிச்சாலையில் வைத்துக் காவாது, முறியுமாறு ஓட்டலாமோ?" என வினவினேம். அவர் நகைத்து, "ஓட்டினாலன்றோ எவ்வுறுப்புப் பழுதென்று தெரியும்? பழுது தெரிந்தாலன்றோ அதனைச் செப்பனிடுங் கைத்திறன் அழியாதிருக்கும்? இன்று திக்கியது ஏன் என்று இரவெல்லாம் ஆராய்வேன்" என்றார். அவர் கைகளில் எண்ணெய்க்கறை படிந்திருந்தது.

பழந்தமிழ் பயிலும் எமக்கு அம்மொழி பெரிதும் உறைத்தது. பேழையிற் பூட்டிய நூலில் ஐயம் எழாது. ஐயம் எழாதவிடத்து உரை காணுந் திறனும் மங்கும். நண்பர்காள்! முன்னோர் நூல்களைப் போற்றுவதாகக் கூறும் நாம், அவற்றை எடுத்தோதி, இடர்ப்படுமிடத்து இடர்ப்பட்டுப் பொருள் காண்போமாக. பழமைக்கு நாம் செய்யத்தகும் தொண்டு அதுவே.