ஏழு மேசை உணவகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

கம்போங் கிளாமைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டுவிடலாம். பூகிஸ் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி விக்டோரியா ஸ்திரீட் வழியாக ஏழெட்டு நிமிடம் நடந்தால் போதும். ஹாஜி லேன் பக்கம் யாரோ கித்தார் மீட்டிப் பாடுவார்கள். அரபு ஸ்திரீட்டில் துணிக்கடைக்காரர் இழுத்து மூடும் இரும்புக் கதவு கடகடக்கும். நார்த் பிரிட்ஜ் ரோட்டில் முர்தபா போடுகிறவரின் கரண்டி கல்லில் தாளம் தட்டும். தினமும் ஒலியோடு பிழைப்பு நடத்தும் எனக்கு, சிங்கப்பூரில் பிடித்த ஒலிக்கலவை இதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி இன்னும் சிறப்பு. வேலை முடிந்த இளையர்கள் ஒரு பக்கம், மஃக்ரிப் தொழுகைக்குச் சுல்தான் பள்ளிவாசலை நோக்கி விரைபவர்கள் மறுபக்கம், நடுவில் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றுப்பயணிகள். பொன்னிறக் குவிமாடத்துக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வரும். அந்தக் குவிமாடத்தின் அடிப்பகுதியைச் சற்று நின்று பாருங்கள். கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அது கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்களால் ஆனது. 1932ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தப் பள்ளிவாசலுக்குப் பணம் கொடுக்க வசதி இல்லாதவர்களும் பங்களிக்கட்டும் என்று அவர்களிடமிருந்து போத்தல்களைப் பெற்றார்களாம்.

ஊரின் பெயருக்குக் காரணம் ஒரு மரம். கெலாம் மரத்தின் பட்டையைப் படகுகளின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தினார்கள். பாட்டிமார் வயிற்றுவலிக்குத் தடவும் காயு பூத்தே எண்ணெய் அந்த இன மரத்தின் இலையிலிருந்துதான் வருகிறது. 1822ல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது சுல்தானுக்கும் மலாய், பூகிஸ், அரபு மக்களுக்கும் ஒதுக்கிய இடம் இது. மஸ்கட், பாக்தாத், கண்டஹார், பசோரா என்று தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் பாதி மேற்காசியாவைச் சுற்றி வந்துவிடலாம். விமானப் பயணம் பரவுவதற்கு முன், இந்த வட்டாரத்தின் ஹஜ் பயணிகள் இங்கே வந்து தங்கிக் கப்பலேறினார்கள். 1989ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டதால் கடைவீடுகளும் ஐந்தடிப் பாதைகளும் தப்பின. வாடகைக்கு இருப்பவர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பாய் விற்ற இடத்தில் காப்பிக் கடை, கூடை விற்ற இடத்தில் வாசனைத் திரவியம், அதற்கு அடுத்த கதவில் லெபனான், துருக்கி உணவகம்.

அப்படிப்பட்ட கதவு ஒன்றின் பின்னால்தான் அம்மாவையும் தம்பியையும் அழைத்துப் போனேன். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். வானொலியில் கடைப் பெயர் சொன்னால் விளம்பரப் பிரிவு ஓடிவரும், அந்தப் பழக்கம்! மேலும், அந்த வரிசையில் இதுபோல நல்ல கடைகள் பல இருக்கின்றன.

எழுந்து போக அடுப்படி இல்லை

மொத்தம் ஏழு மேசைகள். பல வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்த விளக்குகள் தாழ்வாகத் தொங்கின. கதவைச் சாத்தியதும் தெருவின் இரைச்சல் நின்றது, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்ததுபோல. பக்கத்து மேசைக்காரர் கரண்டி வைப்பதுகூடக் கேட்டது. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெள்ளிக்கிழமை, ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

அது நினைவில் வைத்துத்தான் இங்கே வந்தோம். மத்தியதரைக் கடல் ஓரத்துச் சமையலில் சைவத்துக்குப் பஞ்சமே இல்லை. முதலில் வருவது 'மெஸ்ஸே' எனப்படும் சிறு தட்டுகள். ருசி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஹம்முஸ், முத்தபல், தபூலே, முஹம்மரா, ஃபலாஃபல், பருப்பு சூப் என்று ஆறு சொன்னோம். தம்பி ஆட்டுக் கபாபைத் தியாகம் செய்தான். முகத்தில் அந்தத் தியாகம் நன்றாகத் தெரிந்தது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது மிகக் குறைவு. ஈசூன் வீட்டில் தோசை வார்த்தால் கடைசித் தோசைதான் அவருக்கு. அப்பா இருந்தவரை அப்பாவுக்குப் பிறகு சாப்பிட்டார். அப்பா காலமான பிறகு எங்களுக்குப் பிறகு. இந்த இரண்டு ஆண்டுகளில் அதுவும் சுருங்கி, அடுப்படியில் நின்றபடியே ஏதோ ஒன்றை வாயில் போட்டுக்கொள்வதாகிவிட்டது. "சாப்பிட்டீங்களா அம்மா?" என்றால் "ஆச்சு" என்பார். என்ன ஆச்சு, எப்போது ஆச்சு என்று எங்களுக்குத் தெரியாது. எடை குறைந்துவிட்டது என்று பலதுறை மருந்தகத்தில் சொன்ன பிறகுதான் தம்பியும் நானும் விழித்துக்கொண்டோம்.

தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மேசையின் நடுவில் அமர்ந்தன. அம்மாவின் கை தானாக நீண்டது. கரண்டியை எடுத்து எனக்குக் கொஞ்சம், தம்பிக்குக் கொஞ்சம் என்று பகிர ஆரம்பித்தார். அடுத்து எழுந்து போய் எதையாவது எடுத்து வரவேண்டும். ஆனால் எழுந்து போக அங்கே அடுப்படி இல்லை.

இன்னொரு சிக்கல், எச்சில். ஒரே கிண்ணத்தில் மூன்று பேரும் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவதா? அம்மாவின் புருவம் ஏறியது. உண்மையில் அந்த ஊர்க்காரர்களுக்கும் இதில் ஒழுங்கு இருக்கிறது. ரொட்டியைச் சிறிதாகப் பிய்த்து, ஒருமுறை தொட்டு, அப்படியே வாயில் போட்டுக்கொள்ளவேண்டும். கடித்த துண்டு கிண்ணத்துக்குத் திரும்பக்கூடாது. இதைச் சொன்னதும் அம்மா தம்பியைப் பார்த்து, "கேட்டியா? கடிச்சதைத் திரும்பத் தொடாதே" என்றார். சட்டம் நம் வீட்டுச் சட்டம்தான் என்று தெரிந்ததும் அவருக்குப் பாதித் தயக்கம் போய்விட்டது.

மீதித் தயக்கத்தைப் போக்கியது ரொட்டி. அடுப்பிலிருந்து நேராக, பூரிபோல உப்பிக்கொண்டு வந்தது. அம்மா எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்து முடிப்பதற்குள் அமுங்கி ஆறிவிட்டது. பரிமாறிய பெரியவர் இதைக் கவனித்திருக்கவேண்டும். அடுத்த ரொட்டியை நேராக அம்மா முன்னால் வைத்தார். "சூடாகச் சாப்பிடவேண்டும், ஆறினால் தோலாகிவிடும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். வயதில் மூத்தவர் நின்றுகொண்டிருக்கிறாரே என்பதற்காக அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். அடுத்த வாயை யாரும் சொல்லவில்லை.

எள் போன இரு வழிகள்

அதற்குப் பிறகு மேசையின் பொறுப்பு அம்மாவிடம் போனது, பரிமாறுவதற்கு அல்ல, ஆராய்ச்சிக்கு. முத்தபலை நாக்கில் வைத்ததும், "இது சுட்ட கத்திரிக்காய். நம்ம கொத்சுதான், புளிக்குப் பதிலா எலுமிச்சம்பழம்" என்றார். அதில் நாக்கில் ஒட்டும் பொருள் என்னவென்று கொஞ்ச நேரம் யோசித்தார். "எள்ளு!"

சரிதான். தஹினி என்பது வறுத்து அரைத்த எள் விழுது. நாம் எள்ளைச் செக்கிலிட்டு நல்லெண்ணெய் ஆக்கினோம். அவர்கள் விழுதாக்கி ஹம்முஸிலும் முத்தபலிலும் கலந்தார்கள், எண்ணெய்க்கு ஆலிவ் மரத்திடம் போனார்கள். அந்த விழுதில் சர்க்கரைப் பாகு சேர்த்துக் கட்டியாகச் செய்வது அவர்களின் ஹல்வா. நம் எள்ளுருண்டைக்குத் தூரத்து உறவு. அல்வா என்ற நம் சொல்லே அரபு மொழியிலிருந்து வந்ததுதான். ஹம்முஸ் என்றால் அரபு மொழியில் கொண்டைக்கடலை. "நவராத்திரிக்குச் சுண்டல் மிஞ்சினா இப்படி அரைக்கலாம்" என்று அம்மா முடிவு செய்தார்.

முஹம்மரா சிவப்பு மிளகாயும் வால்நட்டும் அரைத்தது, சிரியாவின் அலெப்போ நகரத்துப் புகழ். காரம் போதவில்லை என்பது தம்பியின் தீர்ப்பு. தபூலே முழுக்கப் பார்ஸ்லிக் கீரை, கொஞ்சம் உடைத்த கோதுமை. மேலே தூவியிருந்த செந்நிறப் பொடி சுமாக். காயவைத்த ஒருவகைப் பழத்தின் பொடி, புளிப்பாக இருக்கும். அம்மா கைப்பையிலிருந்து சிறு காகிதம் எடுத்து அதன் பெயரைக் குறித்துக்கொண்டார்.

மத்தியதரைக் கடல் உணவுமுறையை 2010ல் யுனெஸ்கோ தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. என்ன சாப்பிடுகிறார்கள் என்பதோடு, கூடி உட்கார்ந்து சாப்பிடுவதையும் அந்த அங்கீகாரம் முக்கியமாகக் குறிப்பிடுகிறது. 2020ல் நம் உணவங்காடிக் கலாசாரம் அதே பட்டியலில் இடம்பெற்றபோதும், பலரும் ஒன்றுகூடும் இடம் என்பது பேசப்பட்டது. என் வீட்டில் இல்லாமல் போனதும் அதுதான்.

துலிப் மலர் வடிவக் குவளையில் தேநீர் வந்தபோது அம்மா தானாகவே பேச ஆரம்பித்தார். புதுமணத் தம்பதியாக அவரும் அப்பாவும் வீவக வீட்டுக்குத் திரைச்சீலைத் துணி வாங்க இதே அரபு ஸ்திரீட்டுக்கு வந்தார்களாம். அப்பா பேரம் பேசத் தெரியாமல் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, வீடு வந்த பிறகு பார்த்தால் ஒரு சன்னலுக்குத் துணி போதவில்லையாம். "அந்தச் சன்னலுக்கு என் பழைய சேலையத்தான் கட்டினோம்" என்று சிரித்தார். தம்பி என்னைப் பார்த்தான். இரண்டு ஆண்டுகளாக அம்மா அப்பாவைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. ஆறிப்போன தேநீருக்குப் பதில் அந்தப் பெரியவர் கேட்காமலே இன்னொன்று வைத்தார்.

வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். தோசை நாளில் அம்மா இன்னும் அடுப்படியில்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லாவற்றையும் செய்து மேசை நடுவில் வைத்த பிறகே உட்காருகிறோம், மூன்று பேரும் ஒன்றாக.

போவதற்கு முன்

வெள்ளி, சனி மாலைகளில் சிறிய உணவகங்களில் முன்பதிவு அவசியம். ஆறரைக்குப் போனால் அமைதியாகச் சாப்பிடலாம். மூவருக்கு எங்களுக்கு எண்பது வெள்ளிக்குச் சற்று மேல் ஆனது. பட்டியலில் உள்ள விலைக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரலாம், கணக்கில் வையுங்கள். சைவக்காரர்கள் பருப்பு சூப்பிலும் சோற்றிலும் இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா, திராட்சை இலைச் சுருளில் கொத்திறைச்சி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹலால் பார்ப்பவர்கள் கதவில் சான்றிதழைப் பாருங்கள், எல்லாக் கடைகளிலும் இருக்காது.

ஆளுக்கொரு தட்டு என்று சொல்லாதீர்கள். ஐந்தாறு சிறு தட்டுகள் சொல்லி நடுவில் வையுங்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யாரோ, அவரைச் சுவரோரமாக, எளிதில் எழுந்திருக்க முடியாத இடத்தில் உட்காரவைத்து, முதல் ரொட்டியை அவர் முன்னால் நகர்த்துங்கள்.