பிடியரிசியும் பாதீடும்

உலையில் இடுவதற்காக அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை முதலில் எடுத்து, வேறொரு முட்டியில் இட்டு வைக்கும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டு இல்லங்களில் ஒரு காலத்தில் இருந்தது. கோயிற் காரியத்திற்கோ ஏழைகளின் அன்னத்திற்கோ ஊரின் வேறொரு பொதுத் தேவைக்கோ பயன்பட்ட அவ்வரிசியைப் பிடியரிசி என்றனர். இவ்வழக்கத்தில் மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. சமைத்து உண்டு மிஞ்சியதை எவரும் முட்டியில் இடவில்லை. சமைக்குமுன்னரே எடுத்து வைத்தனர். எதனை முதலில் எடுத்து வைப்பது என்னும் தீர்மானமே அங்கு அறமாக அமைந்தது. ஒரு பாடசாலையின் வரவு செலவுத் திட்டத்தை நோக்குவார்க்கும் இவ்வுண்மை பொருந்தும். பணம் எவ்வளவு என்பது ஒரு வினா; முதற்பிடி யாருக்கு என்பது அதனினும் பெரிய வினா. குடாநாட்டுக் கல்வியின் வரலாறு இவ்விரண்டாம் வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறு எனலாம்.

அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானசாத்திரமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியில் கற்றவர்களே. ஆயின் அவர்கள் பட்டம் பெற்ற வேளையில் அவர்களை உருவாக்கிய நிறுவனம் இருந்திலது. அது 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. பொஸ்ரன் நகரிலிருந்த தலைமைச் சங்கத்தின் சார்பில் றூபஸ் அண்டர்சன் முதலானோர் இப்பகுதிக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தனர். ஆங்கில வாயிலான உயர்கல்வியிலும் தாய்மொழி வாயிலான சமயப் பணிக்கே மிஷனின் பொருள் முதற்கண் உரியது என்பது அவர்தம் துணிபு. அவர்கள் நோக்கில் அத்தீர்மானம் பிழையானதன்று. சமயம் பரப்புதற்கெனச் சேர்ந்த பணத்தை அவர்கள் சமயத்திற்கே எடுத்து வைத்தனர். ஆயினும் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றுதற்கு 1872ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள், பிறந்த குழந்தையொன்று தன் பாடசாலைப் படிப்பை முடித்துவிடும் காலமாகும்.

மிஷனின் கல்வி முயற்சிக்கு எதிர்முகமாக எழுந்தது நாவலர் முயற்சி. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பாடசாலைகளுக்குக் கிடைத்த அரசாங்க நன்கொடை இதற்கு நெடுங்காலம் கிடைத்திலது; ஊரவர் கொடையும் ஆசிரியரின் தியாகமுமே அதனைத் தாங்கின. சைவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கற்பிக்க வேண்டுமெனக் கருதி 1872இல் அவர் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலையோ சில ஆண்டுகளிலேயே பொருள் முட்டினால் நின்றுபோயிற்று. நாவலரின் சொல்வன்மைக்குக் குறைவில்லை. அவர்பால் மக்கள் கொண்டிருந்த மதிப்புக்கும் குறைவில்லை. குறைந்தது மாதந்தோறும் தவறாது வரவேண்டிய பணமே. ஒரு பாடசாலையைத் திறத்தற்கு உற்சாகம் போதும். அதனை நடத்துதற்கு ஒழுங்கான வருவாய் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் இப்பாடத்தைக் கற்றுக்கொண்ட சங்கம் எனலாம். சு. இராசரத்தினம் அவர்களின் அயரா உழைப்பினால் அது நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தும் அளவிற்கு வளர்ந்தது.

இவ்வாறு நோக்கும்போது, தூரத்திலிருந்து வரும் பணம் நிலையற்றது, ஊரார் பணமே உயர்ந்தது என்ற முடிவுக்கு ஒருவர் எளிதில் வந்துவிடக்கூடும். அம்முடிவு முழு உண்மையன்று. ஊரார் கொடுத்த பணத்தோடு ஊராரின் வழக்கங்களும் பாடசாலையுட் புகுந்தன. தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் அனுமதிக்கப்பட்டிலர். அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் வாங்கு மறுக்கப்பட்டுத் தரையில் இருத்தப்பட்டனர். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்படல் வேண்டுமென 1929, 1930 அளவில் பணிக்கப்பட்டபோது குடாநாட்டில் கடும் எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஊரின் பிடியரிசி ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் என எடுத்து வைக்கப்படவில்லை. அரசாங்க நன்கொடையோடு வந்த நிபந்தனையே அப்பிள்ளைகளுக்கு வாங்கில் இடந்தேடித் தந்தது. ஆகவே, பணம் அருகிலிருந்து வருகின்றதா தொலைவிலிருந்து வருகின்றதா என்பதைவிட, அதனை எடுத்து வைக்கும் கை எந்தப் பிள்ளையை நினைந்து எடுத்து வைக்கின்றது என்பதே முதன்மையானது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியினால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, இவ்வினாவுக்கு நாடு தழுவிய விடையொன்றை அளித்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களினால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. ஆசிரியரின் சம்பளத்திற்காக முகாமையாளர் வீடு வீடாய் அலைய வேண்டிய காலம் அத்துடன் ஒழிந்தது. ஏழைப் பிள்ளையின் கல்வி எவருடைய கருணையையும் வேண்டி நிற்பதன்று, அஃது உரிமை என்பது நிலைநாட்டப்பட்டது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றிமறத்தலாகும். ஆயினும் பாடசாலை தம்முடையது என்ற எண்ணம் பல ஊர்களில் மெல்லத் தளர்ந்தது. அரசாங்கம் தரட்டும் என ஊரும், ஊர் பார்க்கட்டும் என அரசாங்கமும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் நிலை சிற்றூர்ப் பாடசாலைகளிற் பலகாலும் காணப்படுகின்றது.

இன்றைய ஒழுங்கினைச் சிறிது விளக்குதல் பொருத்தமாகும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர், தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும் ஏனையவை மாகாணத்தின் கீழும் உள்ளன. ஆசிரியரின் சம்பளத்தை அரசாங்கம் தருகின்றது. கற்றல் கற்பித்தற் பொருட்களுக்கென வழங்கப்படும் தர உள்ளீட்டு நிதி பெரும்பாலும் மாணவர் தொகையைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. பிள்ளைக்குத் தக பணம் என்பது நேர்மையான விதியே; செல்வாக்குள்ள அதிபர் மிகுதியாகப் பெறுவதையும் செல்வாக்கற்றவர் வெறுங்கையோடு திரும்புவதையும் அது தடுக்கின்றது. ஆயின் பிள்ளைகளின் தொகை பாதியாகும்போது கூரை பாதியாவதில்லை. கிணற்றின் ஆழம் குறைவதில்லை. மூன்று பிள்ளைகளுள்ள வகுப்பிற்கும் முப்பது பிள்ளைகளுள்ள வகுப்பிற்கும் கணித பாடத்தின் நீளம் ஒன்றே. சிறிய பாடசாலையின் இடர் இங்கேயே தொடங்குகின்றது.

அவ்விடரைக் கண்முன் நிறுத்துதற்கு ஒரு பாடசாலையைக் கற்பித்துக் கொள்ளலாம். அதற்குப் பெயர் வேண்டா. வலிகாமத்தின் வடபுறத்திலோ தீவகத்திலோ அஃது எங்கும் இருக்கலாம். 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் அவ்வூர் வெறுமையாயிற்று. நெடுங்காலத்தின் பின் மீண்டவர் சிலரே. போனவருட் பலர் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வேரூன்றிவிட்டனர். மீண்டவருள்ளும் வசதியுடையோர் தம் பிள்ளைகளைப் பேருந்தில் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு அனுப்புகின்றனர். எஞ்சியிருப்பவர் அறுபது பிள்ளைகள். கூலி வேலைக்கும் கடலுக்கும் போவோரின் மக்கள். பதினோராம் வகுப்பு வரை உள்ள அப்பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை. ஆளணி மாணவர் தொகையையும் பாடவேளைகளையும் கொண்டு கணிக்கப்படுவதால் விரைவில் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையும் இல்லை. அயலூரைச் சேர்ந்த பட்டதாரிப் பெண் ஒருவர் தொண்டர் ஆசிரியராக வந்து கற்பிக்கின்றார். அவருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் சிறு தொகை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெட்டியிலிருந்து வருகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அப்பெட்டி நிரம்பவேயில்லை. கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்ட காலமது. சிற்றூரின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

அச்சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒரு ஞாயிறு பிற்பகலில் வேப்பமர நிழலிலே கூடுகின்றது. பொருளாளர் கணக்கை வாசிக்கின்றார். மின்சாரக் கட்டணம், நீரிறைக்கும் இயந்திரத்தின் திருத்தம், விளையாட்டுப் போட்டிச் செலவு ஆகியன போகக் கையிருப்பு தொண்டர் ஆசிரியரின் மூன்று மாதக் கொடுப்பனவுக்கே காணும். பின்னர் அதிபர் ஒரு கடிதத்தை எடுக்கின்றார். கனடாவிலுள்ள பழைய மாணவர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையாரின் நினைவாக முகப்பில் அழகிய வளைவொன்றைக் கட்டித்தர விரும்புகின்றார். அவர் குறித்துள்ள தொகை தொண்டர் ஆசிரியருக்குப் பல ஆண்டுகள் கொடுக்கப் போதுமானது. கூட்டத்தில் மகிழ்ச்சிக் குரல்கள் எழுகின்றன. வருகின்ற சீதேவியை உதைத்துத் தள்ளலாகாது என்கின்றார் ஒருவர். அயற்பாடசாலைக்கு வளைவு வந்து இரண்டு வருடமாகிவிட்டது என்கின்றார் மற்றொருவர்.

பின்வரிசையிலிருந்து ஒரு முதியவள் எழுகின்றாள். தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிடப் பேரனை வளர்ப்பவள் அவள்.

“சொல்லுங்கோ ஆச்சி” என்கின்றார் அதிபர்.

“வளைவு வடிவாய்த்தான் இருக்கும், ஐயா. அதுக்குள்ளாலை வாறதுக்குப் பிள்ளையள் வேணுமே? கணக்குப் படிப்பிக்கிற பிள்ளை வராமல் விட்டால் இதுகளும் வேறை பள்ளிக்கூடம் தேடிப் போகுங்கள். போக வழியில்லாததுகள் வீட்டிலை நிக்குங்கள். என்ரை பேரன் வீட்டிலைதான் நிப்பான்.”

கூட்டம் சற்று அமைதியடைகின்றது. அதிபரின் இக்கட்டு எவர்க்கும் விளங்குவதே. கொடையாளர் தீயவரல்லர், வீண்பெருமை விரும்புபவருமல்லர். முன்னர் அனுப்பப்பட்ட பணம் எங்கே போயிற்று என்று அறியாத கசப்பு அவர் போன்றோர் பலர்க்கு உண்டு. வளைவு கண்ணுக்குத் தெரியும்; நிழற்படம் எடுத்து அனுப்பலாம். ஆசிரியருக்குக் கொடுத்த பணமோ மாத முடிவிலே கரைந்துவிடும்; அதிலே தந்தையாரின் பெயரைப் பொறிக்கவும் இடமில்லை. ஆகவே, வளைவை வேண்டுகின்ற மனத்தினுள்ளே இருப்பது பெரும்பாலும் நம்பிக்கையின்மையே. அதனை நீக்குதற்கு மன்றாட்டம் உதவாது. திறந்த கணக்கே உதவும்.

அன்றிரவு அதிபர் எழுதும் கடிதம் இவ்வாறு அமையலாம்: வளைவிற்கு நன்றி, ஆயின் அதனைச் சில காலம் ஒத்திவைக்க அனுமதி வேண்டும். அதற்கு முன்னர் மூன்றாண்டுகளுக்குக் கணித ஆசிரியரின் கொடுப்பனவை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். தவணைதோறும் வரவு செலவும், பிள்ளைகள் பெற்ற புள்ளிகளும், வராத நாட்களின் தொகையும் தங்களுக்கு அனுப்பப்படும். அதே தாள் பாடசாலை அறிவித்தற் பலகையிலும் ஒட்டப்படும். தங்கள் தந்தையாரும் இவ்வகுப்பறையிலேதான் கணிதம் கற்றார். இக்கடிதத்திற்கு வரக்கூடிய மறுமொழியை எவரும் முன்னறிந்து கூறவியலாது. கொடையாளர் இசையலாம், மனம் வருந்தி அயற்பாடசாலைக்கே கொடையைத் திருப்பிவிடலாம். அவ்வாறாயின் அதிபர் வளைவையும் இழந்தார், ஆசிரியரையும் இழந்தார் என்று ஊர் பேசும். நல்ல தீர்மானங்கள் யாவும் வெற்றியில் முடிவனவல்ல.

ஆயினும் அக்கூட்டத்திலே நிகழ்ந்தது சிறியதன்று. பதினேழு ஆண்டு இடைவெளியைத் தோற்றுவித்த தீர்மானம் பொஸ்ரன் நகரத்துச் சங்கத்திற்குரியது. வட்டுக்கோட்டைத் தாயொருத்தி எழுந்து நின்று பேச அங்கு இடமிருந்திலது. வாங்கு மறுக்கப்பட்ட பிள்ளையின் தாய்க்கோ தன் சொந்த ஊரிலேயே அவ்விடம் இருந்திலது. வேப்பமர நிழலில் அம்முதியவளுக்கு இடமிருந்தது, அவள் பேசினாள், பேசியது கணக்கை மாற்றியது. சிறிய பாடசாலைகளை மூடுவதா, இணைப்பதா, காப்பதா என்ற வினா இனிவரும் ஆண்டுகளில் குடாநாட்டின் பல ஊர்களை எதிர்நோக்கும். அவ்வேளை எண்கள் மேசைமேல் இருத்தல் வேண்டும், எண்களின்றி நேர்மையில்லை. அவ்வெண்களால் முதலிற் பாதிக்கப்படுவோரும் அம்மேசையருகே இருத்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத்திற் பயில்வோருள்ளும் பயிற்றுவோருள்ளும் இத்தகைய பாடசாலைகளிலிருந்து வந்தவர் பலர். தத்தம் பழைய பாடசாலையின் அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர்கள் சென்று அமர்ந்து, வளைவா வகுப்பறையா என்ற வினா எழும்போது வாய்திறப்பார்களாயின், அதுவே அவர்கள் இடக்கூடிய பிடியரிசியாகும். உலை கொதித்த பின் எடுத்து வைக்க அரிசி இராது.