கிராண்ட் பூல்வார்டு, எண் 3000

டெட்ராய்ட் நகரின் கிழக்கு கிராண்ட் பூல்வார்டில் 3000ஆம் எண் கட்டடத்தைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். ஒருகாலத்தில் சலவைத் தொழிலாளர் சங்கம் இருந்த இடம். இன்று 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' என்ற டெக்னோ லேபிளும், அதன் விநியோகப் பிரிவான சப்மெர்ஜும் இங்கேதான் இருக்கின்றன. உள்ளே 'எக்சிபிட் 3000' என்ற காட்சியகம். முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கதவு திறக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் டிரம் மெஷின்கள், சிந்தசைசர்கள், பழைய இசைத்தட்டு உறைகள். விலைபோகாமல் பழைய பொருள் கடைகளுக்கு வந்த ரோலண்ட் கருவிகளை மலிவாக வாங்கித்தான் டெட்ராய்டின் கறுப்பின இளைஞர்கள் டெக்னோ இசையை உருவாக்கினார்கள். மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் 1989இல் தொடங்கிய லேபிள்தான் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ். பேங்க்ஸ் முகத்தை மூடிக்கொண்டுதான் படங்களில் நிற்பார். லேபிளின் இசைத்தட்டுகளில் உள்வளையத்தில், பாட்டு முடிகிற இடத்தில், கையால் கீறிய வாசகங்கள் இருக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

நிலவறையில் இசைத்தட்டுக் கடை. அங்கே நின்றால் 'ஜாகுவார்' கதையை நினைக்காமல் இருக்க முடியாது. டிஜே ரோலாண்டோ 1999இல் இந்த லேபிளுக்காக உருவாக்கிய பாட்டு அது. உலகமெங்கும் ஆடல்தளங்களில் ஒலித்தது. ஜெர்மனியின் சோனி நிறுவனம், லேபிளின் சம்மதமின்றி, சுரத்துக்குச் சுரம் அதேபோல ஒரு நகலைத் தயாரித்தது. ரசிகர்கள் கண்டனக் கடிதங்களைக் குவித்தார்கள். சோனி பின்வாங்கியது. பிறகு இன்னொரு பெருநிறுவனமான பிஎம்ஜி அதே நகலைக் கையில் எடுத்தது. அசல் பாட்டோ, பெருநிறுவனம் எதற்கும் போகாமல், டெட்ராய்டிலேயே இருந்த 430 வெஸ்ட் என்ற இன்னொரு சிறு லேபிள் வழியாக 2000இல் மறுபடி வெளியானது.

ஏன் நகல் எடுத்தார்கள்? ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன: மெட்டு ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. வெளிவந்துவிட்ட மெட்டை விதித்த தொகையைக் கட்டிவிட்டு யாரும் மறுபடி பதிவு செய்ய வழி உண்டு. ஒலிப்பதிவை மட்டும் உரிமையாளர் சம்மதிக்காமல் தொட முடியாது. ஒலிப்பதிவு பேங்க்ஸின் லேபிளிடம் இருந்ததால்தான் பெருநிறுவனம் நகலுக்குப் போக வேண்டிவந்தது. விளம்பரத்திலோ படத்திலோ பாட்டைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு உரிமைகளும் வேண்டும். இரண்டையும் கையில் வைத்திருக்கும் சிறு லேபிள் 'முடியாது' என்று சொன்னால் பேச்சு முடிந்தது.

இதனால் உரிமம் கொடுப்பதே துரோகம் என்று நான் எண்ணவில்லை. டெட்ராய்ட் குழுவான சைபோட்ரானின் 'கிளியர்' 1983இல் ஃபேண்டசி நிறுவனத்தில் வந்தது. 2005இல் ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் 'லூஸ் கன்ட்ரோல்' அதை எடுத்தாண்டபோது டெட்ராய்டின் ஓசை வானொலியெங்கும் கேட்டது. சைபோட்ரானின் ஹுவான் அட்கின்ஸ் 1985இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற சொந்த லேபிளைத் தொடங்கி 'நோ யுஎஃப்ஓஸ்' வெளியிட்டார். அந்தப் பாட்டு பின்னாளில் ஃபோர்டு ஃபோகஸ் கார் விளம்பரத்தில் ஒலித்தது. கார் தொழிற்சாலைகளின் ஊரில் பிறந்த இசை அது. அதில் கறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பாட்டு எங்கே ஒலிக்கிறது என்பதைவிட, அங்கே ஒலிக்கலாம் என்று முடிவெடுத்தவர் யார் என்பதே எனக்கு முக்கியம்.

இதே கிராண்ட் பூல்வார்டின் மேற்குப் பகுதியில் 2648ஆம் எண் வீடு மோட்டவுன் இசை நிறுவனம் பிறந்த இடம். மோட்டவுன் 1972இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது, 1988இல் 6.1 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. மேற்கே இருப்பது இப்போது அருங்காட்சியகம் மட்டுமே. கிழக்கே இருப்பவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை, இன்னும் தட்டுகளை விற்கிறார்கள்.

சொந்தமாக இசையமைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: கையெழுத்திடும் முன் ஒலிப்பதிவு உரிமை யாருக்குப் போகிறது என்ற பத்தியை முதலில் படியுங்கள். 'ஜாகுவார்' வாங்க நினைப்பவர்கள் உறையில் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் அல்லது 430 வெஸ்ட் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.