அப்பா விட்டுச் சென்ற படங்கள்

"உழைத்துக் களைத்தவனுக்குப் பொழுதுபோக்கு ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் நம் தோட்டப்புறங்களில் இன்றும் இருக்கிறார்கள். மாலையில் வாசலில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவனை வேலையற்றவன் என்கிறோம். படம் வரையும் பிள்ளையைப் பார்த்து, "கிறுக்கினது போதும், பாடத்தைப் படி" என்கிறோம். சோறு போடாதது எல்லாம் வீண் என்ற கணக்கை நமக்குக் கற்றுக் கொடுத்தது வறுமை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; நானும் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால், அந்தக் கணக்கில் எழுதப்படாமல் போன ஒரு வரவு உண்டு. அது என்னவென்று காட்ட வாசகர்களை ஒரு சிறிய தீவுக்கு அழைத்துப் போகிறேன்.

கரிபியன் கடலில் இருக்கிறது செயிண்ட் லூசியா. பரப்பு 616 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் பாடுபட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் நடப்புக்கு வந்தது. அதன் பின், 1859 முதல், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறி அந்தத் தீவுக்குப் போனார்கள். பிற்காலத்தில் கரும்பு போய் வாழை வந்தது, இங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்ததைப் போல. ஆகவே, ஊரின் பெயர் புதிதாக இருந்தாலும் அந்த மண்ணின் கதை நமக்குப் புதிதல்ல.

அத்தீவின் தலைநகரம் காஸ்ட்ரீஸ். அங்கே வார்விக் வால்காட் என்றொரு மனிதர் இருந்தார். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பெரிய பதவியோ பெரிய சொத்தோ கிடையாது. ஆனால், மனிதருக்குப் புத்தகம் என்றால் உயிர். கவிதை எழுதுவார். நண்பர்களோடு சேர்ந்து நாடகம் போடுவார். நீர்வண்ணத்தில் படம் வரைவார். எல்லாம் அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில் செய்தவை. 1930 ஜனவரி 23-இல் அவருக்கும் அவர் மனைவி அலிக்ஸுக்கும் இரட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவள் பமீலா என்ற பெண். மறு ஆண்டே, 1931-இல், வார்விக் நோயில் இறந்து போனார்.  நடை பழகும் வயதில் இருந்த அந்தப் பையன்களுக்கு அப்பாவின் முகம் கூட நினைவில் நிற்க வழியில்லை.

இரட்டையரில் ஒருவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த கவிஞர் டெரிக் வால்காட். தம் வீட்டுச் சுவரில் என்ன இருந்தது என்பதை 1965-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் நினைவுகூர்கிறார். சீறும் அலைகளுக்கு மேல் கடற்பறவைகள் பறக்கும் படம் ஒன்று. வரிசையாக நிற்கும் தென்னை மரங்கள் ஒன்று. அம்மாவின் சிறிய உருவப்படம். அப்பா தம்மைத் தாமே வரைந்துகொண்ட படம். இவற்றோடு, பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-இல் தீட்டிய ஒரு புகழ்பெற்ற ஓவியத்தின் நகல். அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்கும் காட்சி அது. அதைப் பார்த்து வார்விக் தம் கையால் வரைந்து வைத்திருந்தார்.

அப்பா மடியில் வைத்துக் கதை சொல்லவில்லை. கைபிடித்து எழுத்துக் கற்றுத் தரவில்லை. ஆனால், சுவரில் இருந்த அந்தப் படங்கள் தினமும் பிள்ளையோடு பேசின. அப்பா தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது, அதை முடிப்பது தம் கடமை என்ற எண்ணம் சிறு வயதிலேயே தமக்கு வந்துவிட்டதாக டெரிக் எழுதுகிறார். தச்சன் மகன் உளியை எடுப்பது போல இவர் பேனாவையும் தூரிகையையும் எடுத்தார்.

அந்த வீட்டைத் தாங்கி நின்றவர் அலிக்ஸ் அம்மையார். பகலில் பள்ளி ஆசிரியை. மற்ற நேரத்தில் தையல் வேலை. தையல் இயந்திரத்தை மிதித்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். கணவர் போன பின் அந்தப் படங்களைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடவில்லை. புத்தகங்களையும் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படியே வைத்திருந்தார். ஷேக்ஸ்பியர் நாடக வசனங்களை வீட்டில் ஒப்பித்துக் காட்டுவாராம். நானும் ஓர் ஆசிரியை என்பதால், நாள் முழுதும் தொண்டை வறளக் கத்திவிட்டு வீடு திரும்பும் களைப்பு எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் பிள்ளைகளுக்கு முன்னால் நாடகம் பேச ஒரு மனம் வேண்டும்.

வெளியிலும் ஒரு கை நீண்டது. ஹெரால்ட் சிமன்ஸ் என்ற உள்ளூர் ஓவியர் தம் ஓவியக்கூடத்தையும் புத்தகங்களையும் அவ்வூர்ப் பையன்கள் சிலருக்குத் திறந்துவிட்டார். டெரிக்கோடு அங்கே படம் பழகிய நண்பர் டன்ஸ்டன் செயிண்ட் ஓமர். 1967 முதல் செயிண்ட் லூசியாவில் பறக்கும் கொடியை வடிவமைத்தவர் அவர்தான். டெரிக்கின் எழுத்துப் பயிற்சியும் எளிமையானதே. பெரிய கவிஞர்களைப் படிப்பார். படித்த கையோடு அதே நடையில் தாமும் ஒன்று எழுதிப் பார்ப்பார். அதற்குத் தேவைப்பட்டது ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான்.

1948-இல், பதினெட்டு வயதில், தம் கவிதைகளைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று டெரிக் அம்மாவிடம் 200 டாலர் கேட்டார். ஆசிரியைச் சம்பளமும் தையல் கூலியும் வாங்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எப்படியோ பணத்தைப் புரட்டிக் கொடுத்தார். இருபத்தைந்து கவிதைகள் கொண்ட அந்தப் புத்தகம் டிரினிடாட் தீவில் அச்சாகி வந்தது. பையன் தெருமுனைகளில் நின்று தெரிந்தவர்களிடம் விற்று, அம்மாவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த டெரிக் வால்காட்டுக்கு 1992-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. அலிக்ஸ் அம்மையார் 1990-இலேயே காலமாகிவிட்டார். இரட்டையரில் மற்றவரான ரோடரிக் நாடக ஆசிரியராகப் பெயர் பெற்றார். டெரிக் கடைசி வரை எழுதினார், வரைந்தார். 2017-இல் சொந்தத் தீவிலேயே கண் மூடினார். சோஸி சாலையில் அவர்கள் வாழ்ந்த வீடு 2016-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

நோபல் பரிசு கிடைக்கும் என்று எண்ணியா வார்விக் தூரிகையைப் பிடித்தார்? இல்லை. பிள்ளைகள் ஒருவேளை தச்சர்களாகவோ மீனவர்களாகவோ ஆகியிருந்தாலும், அந்தப் படங்கள் அந்த வீட்டுக்குச் சொத்துதான். நம் கணக்கில் விட்டுப்போன வரவு என்று நான் சொன்னது இதைத்தான். பெற்றவர் ஆசையோடு செய்யும் ஒரு காரியம் பிள்ளையின் கண்ணில் படுகிறது. 'மனிதன் பிழைப்பதற்காக மட்டும் பிறந்தவன் அல்ல' என்று யாரும் வாய் திறந்து சொல்லாமலே அது பாடம் நடத்துகிறது.

எங்கள் பள்ளியில் படம் வரைவதில் கெட்டிக்காரியான ஒரு மாணவி உண்டு. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம்தான் அவளுக்குச் சித்திரப் புத்தகம். அவள் தாய் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். ஒருநாள் பள்ளிக்கு வந்தவர், "படம் வரஞ்சு என்ன டீச்சர் செய்யப் போறா? நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மில்லேயின் அந்த ஓவியம் இருந்த புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இவங்களும் உதிரி பொறுக்குறாங்களா டீச்சர்?" என்றார். "ஆமாம் அக்கா, கோதுமைக் கதிர்" என்றேன். "இடுப்பு என்னா வலி வலிக்கும்! இவங்களுக்கு எவ்ளோ கொடுப்பாங்க?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு, "குனிஞ்சு பொறுக்குறதப் போயா ஒருத்தர் உக்காந்து வரஞ்சிருக்காரு?" என்றார். அந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை. அடுத்த சம்பள நாளுக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒரு வண்ணப் பெட்டியோடு வகுப்புக்கு வந்தாள். பட்டணத்தில் ஏழு வெள்ளியாம். ஏழு வெள்ளியை ஒதுக்க அந்தத் தாய் எதைக் குறைத்துக்கொண்டாரோ, நான் கேட்கவில்லை.

நம் தாய்மார்களில் பின்னல் பின்னத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! தந்தைமார்களில் உறுமி அடிக்கத் தெரிந்தவர்கள், காவடி கட்டத் தெரிந்தவர்கள், பழைய பாட்டுகளை எழுதி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! கல்யாணம் ஆனதும், பிள்ளை பிறந்ததும், "இனிமேல் இதெல்லாம் எதற்கு" என்று மூட்டை கட்டிப் போட்டுவிடுகிறோம். அந்த மூட்டையைக் கொஞ்சம் அவிழ்க்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

கண்ணாடி அலமாரி வாங்க வேண்டாம். பிஸ்கட் டின் ஒன்றில் நாலு புத்தகம் இருந்தால் போதும். அது பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, கைத்தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால் அவரைக் கதை சொல்லச் சொல்லி, பிள்ளையை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வரைந்ததைக் குப்பையில் போடாதீர்கள். எவ்வளவு சிறிய வீடாக இருந்தாலும், சுவரில் ஓர் ஆணி அடிக்கவா இடம் இல்லாமல் போய்விடும்?