ஒண்ணும் ஆகாது தம்பி

"சார், இந்த பவுடர் குடிக்கலாமா?"

போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில், கபடி ஆடும் 19 வயது தம்பி ஒருவன் செல்போனில் ஒரு டப்பா படத்தைக் காட்டிக் கேட்டான். "பிசிஏஏ" என்று போட்டிருந்தது. "குடிக்கலாம் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு நான் பாயசத்தில் இறங்கிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து அம்மாவோடு கிளினிக் வந்தான்.

"செகண்ட் ஹாஃப்ல மூச்சு வாங்குது சார். ரெய்டு போகவே முடியல."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது. ஹீமோகுளோபின் 9.2. இரும்புச்சத்து குறைவு. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை. மண் களத்தில் வெறுங்காலோடு ஆடும் பையன்.

"எப்ப இருந்துப்பா இப்படி?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே லேசா இருந்துச்சு சார். அதுக்குத்தானே பவுடர் கேட்டேன்."

அம்மா மெதுவாகச் சொன்னார்: "தோட்டை அடகு வெச்சு ரெண்டு டப்பா வாங்கிக் குடுத்தேன் சார். டாக்டரே சரின்னுட்டார்னு சொன்னான்."

எனக்குப் பேச்சு வரவில்லை.

சரி, அந்த டப்பாவில் என்னதான் இருக்கிறது?

நம் உடம்பின் புரதம் 20 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் 9 அமிலங்களை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டில் இருந்துதான் வரவேண்டும். அந்த 9-இல் மூன்று மட்டும்தான் பிசிஏஏ: லூசின், ஐசோலூசின், வேலின்.

தசையைக் கட்டு என்று உடம்புக்கு உத்தரவு போடுவதில் லூசினுக்குப் பெரிய பங்கு உண்டு. அது உண்மை. ஆனால் கொத்தனாரை மட்டும் கூப்பிட்டுவிட்டு செங்கலும் சிமெண்டும் வாங்காவிட்டால் வீடு எழும்புமா? ஒன்பதும் இருந்தால்தான் தசை வளரும்.

இப்போது கணக்குக்கு வாருங்கள்.

டப்பா 1,800 ரூபாய். 30 வேளை, வேளைக்கு 7 கிராம். மொத்தம் 210 கிராம் பிசிஏஏ.

முட்டை 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதே காசுக்கு 300 முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், அதற்குள்ளேயே ஒரு கிராமுக்கு மேல் பிசிஏஏ. அதாவது டப்பாவில் இருப்பதைவிட அதிகம், மீதி ஆறு அமிலங்களும் இலவசம்!

முட்டை சாப்பிடாதவர்களுக்கு? பால், தயிர், சுண்டல், வேர்க்கடலை, சோயா. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனைன் குறைவு. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும்.

கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு, எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் புரதம் தினமும் வேண்டும். தம்பி 60 கிலோ. குறைந்தது 84 கிராம். அவன் சாப்பிட்டதோ டீ, பன், ரசம் சோறு, ராத்திரி இட்லி. பாதிகூட தேறவில்லை.

"அப்ப எல்லா சப்ளிமெண்ட்டும் வேஸ்ட்டா டாக்டர்?" என்று கேட்பீர்கள். இல்லை. 2018-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அறிக்கை, ஆட்டத்திறனைக் கூட்ட நல்ல ஆதாரம் உள்ளவை என்று ஐந்தைச் சொன்னது: காஃபின், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனைன், சோடியம் பைகார்பனேட். பிசிஏஏ அதில் இல்லை. அந்த ஐந்துமே நல்ல சாப்பாடு, தூக்கம், பயிற்சிக்குப் பிறகுதான்.

போட்டிகளில் ஆடுபவர்களுக்கு இன்னொன்று. பவுடரில் லேபிளில் இல்லாத தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், "எனக்குத் தெரியாது சார்" என்பது ஊக்கமருந்து சோதனையில் செல்லாது. உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

தம்பிக்குப் பூச்சி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, காலுக்கு ஷூ, தினமும் முட்டை, கடலை. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 13-ஐத் தாண்டியது. ரெய்டு போகிறான். அம்மாவின் காதில் இன்னும் ஈர்க்குச்சிதான்.

நான் சொன்னது பொய் இல்லை. அந்த பவுடரால் ஒண்ணும் ஆகவில்லை. கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. நோய்க்கு நான்கு மாதம் வாய்தா கிடைத்தது, அவ்வளவுதான்.

இப்போது யார் பவுடர் பற்றிக் கேட்டாலும் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்கிறேன். ஏன் வேணும்னு தோணுச்சு? நேத்து என்ன சாப்பிட்டீங்க? காசு எங்கிருந்து வருது?

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதைக் கேட்டால், முதல் கேள்வியில் இருந்து ஆரம்பியுங்கள்.