மூணரை வட்டி

கையில் காசா, கார்டா என்று கேட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் "ரெண்டும் இல்லப்பா, ஜிபே" என்பார்கள். சரிதான். ஆனால் ஜிபேயில் போவது வழக்கமாக நம் கணக்கில் இருக்கும் பணம். தீர்ந்தால் தீர்ந்தது. கிரெடிட் கார்டில் போவது வங்கியின் பணம். 2022இல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்த பிறகு இந்தக் கோடும் அழிந்துகொண்டே வருகிறது. தெருமுனைக் கடையில் ஸ்கேன் செய்து வாங்கும் அரைக்கிலோ தக்காளிகூட இன்று கடனாக இருக்கலாம்.

கடன் நமக்குப் புதிதா என்ன? அண்ணாச்சி கடை நோட்டில் எழுதிவைத்து, சம்பளம் வந்ததும் அடைத்தவர்கள்தானே நம் வீட்டார். ஆனால் பாக்கி ஏறினால் அண்ணாச்சி முகம் மாறும். "பழைய கணக்கை முடிச்சிடுங்கம்மா" என்பார். கார்டில் பாக்கி ஏறினாலோ, லிமிட்டை உயர்த்தட்டுமா என்று எஸ்எம்எஸ் வருகிறது!

போன மாதம் பெரியம்மா மகள், "நீதான் காமர்ஸ் படிக்கிறியே, இதப் பாரு" என்று தன் ஸ்டேட்மென்ட்டைக் காட்டினாள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மளிகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் கார்டில்தான். ஆட்டோ டெபிட்டில் 'மினிமம் டியூ' என்று போட்டிருந்தாள். அதைக் கட்டினால் வட்டி வராது என்பது அவள் நம்பிக்கை. அபராதம்தான் வராது, வட்டி வரும்.

கணக்கைப் பாருங்கள். பில் 20,000 ரூபாய். மினிமம் 5% என்றால் கட்டுவது 1,000. மீதி 19,000க்கு மாதம் 3.5% வீதம் வட்டி 665. அதன்மேல் 18% ஜிஎஸ்டி சுமார் 120. ஆக 785 ரூபாய். கட்டிய ஆயிரத்தில் 215 ரூபாய்தான் கடனைக் குறைத்தது. போதாததற்கு, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

இதே அக்காவிடம் யாராவது "மூணரை வட்டிக்குப் பணம் தரேன்" என்றிருந்தால் ஓடியே போயிருப்பாள். கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. கார்டு வட்டி ஆண்டுக்கு 30%ஐத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மூணரை வட்டி என்பது ஆண்டுக்கு 42%.

முழுத்தொகையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்குக் கார்டு லாபம்தான், மறுக்கவில்லை. நாற்பது நாளுக்குமேல் சும்மா கடன் யார் தருவார்? ஆனால் செலவு செய்யும் கை வேறு மாதிரி ஆகிவிடுகிறதே. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் எம்.பி.ஏ. மாணவர்களிடம் கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு. ரொக்கம் தரவேண்டியவர்களைவிடக் கார்டுக்காரர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்களாம். எம்.பி.ஏ. படித்தவர்களுக்கே அந்தக் கதி!

அதனால் அன்றாடச் செலவுக்கு என் ஓட்டு ரொக்கத்துக்குத்தான். ஐந்நூறு ரூபாய்த் தாளை மாற்றும்போது வருகிற அந்தச் சின்னத் தயக்கம் எந்தக் கார்டிலும் இல்லை. அக்கா ஆட்டோ டெபிட்டை 'முழுத்தொகை' என்று மாற்றிவிட்டாள். பழைய பாக்கியை அடைக்கப் பெரியம்மாவிடம் வட்டியில்லாமல் வாங்கியிருக்கிறாள். பெரியம்மா அதை காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.